நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் உண்ண வேண்டும்?

திருகோணமலையில் அலுவலக வேலை பார்க்கும், 60 கிலோ எடையுள்ள தங்களுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் தேவை எனக் கேட்டிருக்கிறீர்கள். ஆரோக்கியமான வயது வந்தோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதால், 60-ஐ அதனால் பெருக்க ஏறத்தாழ 50 கிராம் வரும்.

இது 50 கிராம் மீன் அன்று. மீனின் பெரும்பகுதி நீரே என்பதால், 100 கிராம் பச்சைச் சூரையில் கிடைக்கும் புரதம் சுமார் 22 கிராம்தான். மதியம் அவ்வளவு சூரையைக் குழம்பாகவும், காலையில் ஒரு முட்டையும் (6 கிராம்), இரவில் 50 கிராம் மைசூர்ப் பருப்பில் சமைத்த கறியும் (12 கிராம்) உண்டால் 40 ஆகிவிடும். மீதியைச் சோறும் இடியப்பமுமே ஈடுசெய்யும். விலையுயர்ந்த புரத மாவு தங்களுக்குத் தேவையற்ற செலவு என்பேன். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இக்கணக்கைப் பின்பற்றக் கூடாது.