கொக்கு, சைக்கிள், நண்பர் வீட்டு வாசல்: குளிர்காலக் கேம்பர் பயணம் குறித்த வாசகர் கேள்வி–பதில்

பனி கொட்டும் ஊர்களை விட்டு ஜனவரியில் தெற்கே கேம்பரை (படுக்கை, அடுப்பு, தண்ணீர் வசதியுள்ள பயண வண்டி) ஓட்டிக்கொண்டு போகும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடியவை இங்கே.

டிசம்பர் கடைசியில் சிகாகோவில் இருந்து நான்கு வாரம் கிளம்புகிறோம். டெக்சஸ் கடற்கரை, நியூ மெக்சிகோ, டூசான், ஃப்ளோரிடா எவர்க்லேட்ஸ் எல்லாம் பார்க்க ஆசை. ஹூஸ்டனிலும் ஃபீனிக்ஸிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். முடியுமா?
— வாசகர், சிகாகோ

முடியாது. ஃப்ளோரிடாவை இந்த வருடம் விட்டுவிடுங்கள். ஹூஸ்டனில் இருந்து மயாமிக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ 1,200 மைல். டிசம்பர் கடைசியில் பகல் பத்து மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டத்தான். இருட்டிய பிறகு தெரியாத முகாமுக்குள் வண்டியைப் பின்னோக்கி நுழைத்து, டார்ச் வெளிச்சத்தில் மட்டம் பார்ப்பதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை. ஒரு நாளைக்கு 250 மைல், மூன்று மணிக்குள் நிறுத்தம் என்று கணக்குப் போடுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாகக் கடக்கும் நாட்களில் மட்டும் 300 வரை போகலாம்.

மற்ற மூன்றும் ஒரே சுற்றில் வரும். சிகாகோ–ஹூஸ்டன் ஏறத்தாழ 1,100 மைல்: நான்கு நாள், அத்துடன் உறைமழைக்கென்று ஒரு நாள் கையிருப்பு. ஹூஸ்டன் நண்பரைப் பார்த்துவிட்டு ராக்போர்ட் கடற்கரையில் ஐந்து நாள். அங்கிருந்து டூசானுக்கு நான்கு நாள். அங்கே ஆறு இரவு தங்குங்கள். ஃபீனிக்ஸ் நண்பரை டூசானுக்கே வரச் சொல்லிவிடலாம், 115 மைல்தான், காரில் வருபவருக்கு அது ஒன்றுமில்லை. திரும்பும்போது டெமிங் ஊரில் 26ஆம் எண் சாலையில் ஏறி ஹாட்ச் வழியாக ஐ-25 பிடித்தால், நியூ மெக்சிகோவின் போஸ்கே டெல் அபாச்சே பறவைச் சரணாலயம் வழியிலேயே வந்துவிடும். ஜனவரி கடைசியிலும் சாண்ட்ஹில் கொக்குகள் அங்கேதான் இருக்கும். பிறகு ஆல்புகெர்க்கி, ஐ-40, வீடு. இதற்கே நான்கு வாரம் முட்டிக்கொண்டு நிற்கும்.

கிளம்பும்போது இங்கே 10 டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீர்க் குழாய்களில் ஊற்றிய உறையாத் திரவத்தை எங்கே போய் எடுப்பது? அதுவரை தண்ணீருக்கு என்ன செய்வது?
— வாசகி, மினியாபொலிஸ்

குழாயை மூடியே, அதாவது உறையாத் திரவம் உள்ளே இருந்தபடியே, வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆறு கேலன் கேன் இரண்டு உள்ளே இருந்தால் குடிக்க, சமைக்க, கை கழுவப் போதும். பாத்திரம் கழுவுவதைக் குறைக்கக் காகிதத் தட்டு. இரவு வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 32க்கு மேல் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்ன பிறகே குழாயைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் அது மெக்சிகோ வளைகுடாக் கரையை நெருங்கும்போதுதான் நடக்கும்.

போஸ்கே போகும் முன் திரும்ப மூடத்தான் வேண்டும். தெற்கு என்றால் வெதுவெதுப்பு என்று நினைத்துப் பலர் ஏமாறுவது அங்கேதான். கடல்மட்டத்தில் இருந்து 4,500 அடி உயரம், ஜனவரி இரவில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும்.

மூடும் வரிசை இது. தண்ணீர் ஹீட்டரை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு அழுத்தத்தை வெளியேற்றி, அதன் வடிகால் மூடியைக் கழற்றுங்கள். சூடாக இருக்கும்போது கழற்றினால் கை வெந்துவிடும். தண்ணீர் டாங்கையும் கீழ்மட்ட வடிகால் வால்வுகளையும் திறந்து வடியுங்கள். அடுத்து, திரவம் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகவைக்கும் பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் ஆறு கேலன் திரவம் ஹீட்டரை நிரப்புவதற்கே போய்விடும், சுடுநீர்க் குழாய் முனையில் ஒரு சொட்டுக்கூட வராது. பிறகு பம்பின் உறிஞ்சு குழாயை நேரே திரவக் கேனுக்குள் விட்டு, பம்புக்கு அருகில் உள்ள குழாயில் தொடங்கி ஒவ்வொன்றாக, சூடு, குளிர் இரண்டு பக்கமும், ரோஸ் நிறம் வரும்வரை திறந்து மூடுங்கள். ஷவரையும் கழிப்பறையையும் விட்டுவிடாதீர்கள். வெளிப்புற ஷவர் இருந்தால் அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள், முதலில் வெடிப்பதும் அதுதான். கடைசியாக ஒவ்வொரு சிங்க் ஓட்டைக்குள்ளும் ஒரு கப். சிறிய வண்டிக்கு மொத்தம் இரண்டு மூன்று கேலன் ஆகும். வாங்கும்போது புரோப்பிலீன் கிளைக்கால் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

காலையில் ஜன்னல் முழுக்க நீர்த்துளி, மெத்தைக்கு அடியில் கருப்பாகப் பூஞ்சை. சிலிக்கா ஜெல் பை நான்கு வைத்தும் பயனில்லை.
— வாசகி, டெட்ராய்ட்

சிலிக்கா ஜெல்லைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு பேர் தூங்கினாலே மூச்சிலும் தோலிலும் இருந்து ஒரு இரவில் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஈரம் காற்றில் சேர்கிறது. அடுப்பில் புரோப்பேன் எரியும்போதும் தண்ணீர் பிறக்கிறது: ஒரு பவுண்டு வாயு எரிந்தால் ஒன்றரைப் பவுண்டுக்கும் மேல் நீராவி. இதோடு இட்லியும் அவித்தால் கேட்கவே வேண்டாம்!

குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைப்பதுதான் தவறு. கூரை விசிறியின் மூடியை ஓர் அங்குலம் திறந்து, மிகக் குறைந்த வேகத்தில் காற்றை வெளியே தள்ள விடுங்கள். எதிர்ப்பக்கத்தில் தாழ்வான ஜன்னல் ஒன்றையும் விரல் அகலம் திறந்து வையுங்கள். சமைக்கும்போது விசிறி முழு வேகத்தில். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓட மரச் சட்டமோ கயிற்றுப் பாய் போன்ற அடிவிரிப்போ தேவை. பூஞ்சை வருவது மெத்தையின் அடியில், உடல் சூடும் குளிர்ந்த பலகையும் சந்திக்கும் இடத்தில்தான்.

இதனால் எரிவாயு கூடுதலாகச் செலவாகும். 16,000 பிடியு (ஒரு மணி நேரத்தில் தரும் வெப்ப அளவு) அறை ஹீட்டர் பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 80,000 பிடியு. 20 பவுண்டு சிலிண்டரில் இருப்பது ஏறத்தாழ 4,30,000. ஆக ஐந்து இரவுக்கு ஒரு சிலிண்டர். அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அழுத்திப் பார்ப்பதோடு, அதன் காலாவதி ஆண்டையும் பின்பக்கம் பாருங்கள்.

போஸ்கேயில் எப்போது, எங்கே நிற்க வேண்டும்? சென்ற முறை பத்து மணிக்குப் போய் வெறும் வயலைப் பார்த்துவிட்டு வந்தோம்.
— வாசகர், டென்வர்

மார்கழி மாதப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். சூரிய உதயத்துக்கு முக்கால் மணி முன்பே குளக்கரையில் இருக்க வேண்டும். சாண்ட்ஹில் கொக்குகள் நரி, கயோட்டிக்குப் பயந்து இரவு முழுக்க ஆழமில்லாத தண்ணீரில் நின்றே தூங்கும். வெளிச்சம் வந்ததும் சிறு சிறு கூட்டமாக, முதலில் கழுத்தை முன்னே நீட்டிச் சாய்ந்து நின்று, பிறகு ஓடி எழும். அந்தச் சாய்வைக் கண்டால் கேமராவைத் தூக்கலாம், சில நொடியில் பறக்கும். ஸ்னோ கூஸ் எனும் வெள்ளை வாத்துகள் அப்படியல்ல. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் குபீரென்று கிளம்பும். பத்து மணிக்கு எல்லாம் வயலில் சிதறி மேய்ந்துகொண்டிருக்கும். மாலை, சூரியன் மறைவதற்கு ஒரு மணி முன்பிருந்து திரும்பும்.

நம்மூர் வயல் கொக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கழுத்தை மடக்கிப் பறக்கும். இது சாரசக் கொக்கின் இனம், கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும்.

வண்டியை விட்டு இறங்காதீர்கள். பறவைக்குக் கார் ஒரு பாறை மாதிரி, இரண்டு காலில் நிற்கும் உருவம்தான் பகை. வண்டிக்குள் இருந்தே படமெடுப்பதாக இருந்தால் பத்து நிமிடம் முன்பே ஹீட்டரை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் சூட்டுக்காற்று ஜன்னல் வழியே வெளியேறும்போது நீண்ட லென்ஸில் படம் அலையடிக்கும். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் தப்பாது. படமெடுத்து முடித்ததும் கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடிய பிறகே சூடான அறைக்குள் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க ஈரம் படியும்.

சரணாலயத்துக்குள் இரவு தங்க முடியாது. ஏறத்தாழ 20 மைல் வடக்கே சோக்கோரோவில் இடம் கிடைக்கும். டூசான் பக்கம் இருப்பவர்களுக்கு மெக்நீல் அருகே உள்ள ஒயிட்வாட்டர் ட்ராவும் உண்டு. அங்கே ஒரு வசதி: காலையில் வயலுக்குப் போன கொக்குகள் நண்பகலை ஒட்டித் திரும்பி வந்து இறங்கும். விடியலில் எழ முடியாத பிள்ளைகள் இருந்தால் அதுவே சரி.

ராக்போர்ட்டில் ஹூப்பிங் கொக்கு கட்டாயம் தெரியுமா?
— வாசகர், ஹூஸ்டன்

நவம்பர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, படகில் போனால் அநேகமாகத் தெரியும். ஐந்தடி உயரம், வெள்ளை உடல், பறக்கும்போது மட்டும் இறக்கை நுனி கருப்பு. 1941இல் இருபத்துச் சொச்சமாகச் சுருங்கிப்போன இனம் இது. கனடாவின் உட் பஃபலோ தேசியப் பூங்காவில் முட்டையிட்டு, ஏறத்தாழ 2,500 மைல் பறந்து ராக்போர்ட்டை ஒட்டிய அரான்சாஸ் சதுப்புக்கு வரும் கூட்டம் இன்று 500ஐத் தாண்டிவிட்டது. நீல நண்டுக்காகக் கரையோரம் மேயும், ஒவ்வொரு குடும்பமும் தன் எல்லையைக் காக்கும். அதனால் பெருங்கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். தாய், தந்தை, பழுப்புத் திட்டுள்ள குஞ்சு, அவ்வளவுதான். கரையில் இருந்து பார்க்க கூஸ் ஐலண்ட் மாநிலப் பூங்கா அருகே லாமார் பகுதி நல்லது. அந்தப் பூங்காவிலேயே கேம்பருக்கு இடம் உண்டு, முன்பதிவு அவசியம்.

டூசானில் ஒரே நாளில் நான்கு பங்க்சர். டயர் புதுசு. என்ன காரணம்?
— வாசகர், டாலஸ்

நெருஞ்சி. ஊரில் செருப்பில் குத்திய அதே செடி, அங்கே கோட்ஹெட் என்பார்கள். வெளியில் இருந்து வந்து தென்மேற்கு முழுக்கப் பரவிவிட்டது. காய் முற்றினால் ஐந்தாக உடையும், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கெட்டியான முள். எப்படி விழுந்தாலும் ஒன்று மேலே பார்த்தபடி இருக்கும்.

130 மைலுக்கும் மேல் நீளும் டூசான் லூப் பாதையின் நடுவில் இந்த முள் அதிகமில்லை. தண்ணீர் குடிக்க ஓரம் ஒதுங்கி, மண்ணில் சைக்கிளை உருட்டும்போதுதான் ஏறுகிறது. முகாமிலும் அப்படியே. சரளையில் உருட்டாமல் தூக்கிக்கொண்டு போய் வையுங்கள். செருப்பின் அடியைப் பார்க்காமல் வண்டிக்குள் ஏறினால் மறுநாள் வெறுங்காலில் மிதிப்பீர்கள்.

டியூப்லெஸ் டயரும் உள்ளே அடைப்புத் திரவமும்தான் தீர்வு. 40 மில்லிமீட்டர் அகல டயருக்கு 60 முதல் 90 மில்லி. முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் வையுங்கள், திரவம் தேங்கி அடைத்துக்கொள்ளும். பாலைவன வறட்சியில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்துவிடும். கிளம்பும் முன் சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சலசலப்பு கேட்காவிட்டால் புதிதாக ஊற்றுங்கள். டியூப் மாற்றுபவர்கள் டயரின் உட்புறத்தைக் கைக்குட்டையால் ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும். முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்ட முள் துணியில் சிக்கும். உங்கள் நான்கு பங்க்சரில் குறைந்தது இரண்டு ஒரே முள்ளால் வந்ததாக இருக்கலாம்.

மின்சைக்கிளைச் சோலாரில் சார்ஜ் செய்ய முடியுமா? கூரையில் 200 வாட் பலகை, 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி.
— வாசகர், செயின்ட் லூயிஸ்

ஒரு சைக்கிளை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம். 500 வாட்-அவர் சைக்கிள் பேட்டரியை நிரப்ப, இன்வர்ட்டர், சார்ஜர் இழப்பெல்லாம் சேர்த்து 600 வேண்டும். உங்கள் வண்டி பேட்டரியில் பாதி போய்விடும். படுத்திருக்கும் 200 வாட் பலகை ஜனவரியில் நல்ல வெயில் நாளில்கூட 500ஐ ஒட்டித்தான் தரும், இரவில் ஹீட்டரின் விசிறிக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். இரண்டு பேட்டரியும் 32 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. சைக்கிள் பேட்டரியைக் கழற்றிப் படுக்கை அருகே வைத்து, பகலில் ஏற்றுங்கள். கழற்றினால் பின்புறத் தாங்கியில் ஏழெட்டுப் பவுண்டு குறையும் என்பதும் லாபம். தாங்கியைக் கேம்பருக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா பாருங்கள். வண்டியின் வால் பகுதி காரைவிடப் பல மடங்கு குதிக்கும். புகைக்குழாய் எந்தச் சக்கரத்தைப் பார்த்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள், ரப்பர் உருகும்.

நண்பர் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தி அவர்கள் மின்சாரத்தை எடுத்தால், மைக்ரோவேவ் போட்டதும் வீடே இருண்டுவிடுகிறது.
— வாசகி, அட்லாண்டா

கராஜ் பிளக் 15 ஆம்பியர். தொடர்ந்து எடுக்க 12 ஆம்பியர்தான் பாதுகாப்பு, அதாவது 1,440 வாட். 1,500 வாட் மின் ஹீட்டர் ஒன்றே அதைத் தாண்டிவிடும். ஹீட்டரைப் பாதி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கராஜில் அவர்களுடைய ஃப்ரீசர் அதே இணைப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் உங்களால் அவர்கள் மீன் கெட்டுப்போகும். நீட்டிப்புக் கம்பி 50 அடி என்றால் 12 கேஜ், 100 அடி என்றால் 10 கேஜ் (எண் குறைந்தால் கம்பி தடிமன்). அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே கழற்றுங்கள்.

போகும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை மூன்று. டிரைவ்வே எவ்வளவு சரிவு? (புரோப்பேன் ஃப்ரிட்ஜ் சாய்ந்து நின்றால் குளிராது.) தாழ்ந்த கிளை உண்டா? குடியிருப்புச் சங்கம் கேம்பரை எத்தனை இரவு அனுமதிக்கும்? கழிவை முதல் நாளே வேறிடத்தில் கொட்டிவிட்டுக் காலி டாங்கோடு போவது மரியாதை. "உள்ளே வந்து படுங்க" என்று வற்புறுத்துவார்கள். உறைகுளிர் இரவென்றால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் குழாயில் தண்ணீர் இருந்தால் வண்டி ஹீட்டரை 45 டிகிரியிலாவது ஓட விட்டுவிட்டுப் போங்கள்.

ஊரில் இருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு தெற்கு டெக்சஸ் போகிறோம். சோதனைச் சாவடி உண்டாமே?
— வாசகர், ஆஸ்டின்

உண்டு. மெக்சிகோ எல்லையைத் தாண்டாவிட்டாலும், 281ஆம் சாலையில் ஃபால்ஃபூரியஸ் அருகிலும் 77ஆம் சாலையில் சரிட்டா அருகிலும் வடக்கே திரும்பும் வண்டிகளை நிறுத்திக் கேட்பார்கள். அப்பா அம்மாவின் பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி கையில் இருக்கட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அசல் அட்டையையே எடுத்துப் போக வேண்டும்.

எங்களுக்கு ஃப்ளோரிடாதான் பக்கம். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டே முதலை பார்க்க இடம்?
— வாசகி, சவானா

எவர்க்லேட்ஸின் ஷார்க் வேலி. 15 மைல் தார்ப்பாதை, ஒரு வளையம், முழுக்கச் சமதளம், தனியார் வண்டி கிடையாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். தண்ணீர் சுருங்குவதால் அலிகேட்டர்கள் பாதையோரக் கால்வாயில் குவியும், வெயில் காயப் பாதைக்கே ஏறிப் படுக்கும். 15 அடி தள்ளியே சுற்றிப் போக வேண்டும், இடமில்லையென்றால் காத்திருக்க வேண்டும். நடுவில் குறுக்குவழி இல்லை: பார்வைக் கோபுரம் வரை போனால் பாதி, திரும்பினாலும் அதே தூரம். சின்னப் பிள்ளைகள் என்றால், கால்வாயை ஒட்டிய மேற்குப் பக்கத்தில் இரண்டு மைல் போய்த் திரும்பிவிடுங்கள், முதலை அதிகம் அங்கேதான். நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும், கேம்பருக்கு இடம் இன்னும் குறைவு. டமியாமி டிரெயில் சாலையில் உள்ள மிட்வே முகாமில் முந்தின இரவு தங்கி, கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.