மாட்டுக்கறி ஏன் வாணலியில் தண்ணீர் விடுகிறது?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். வேலை விட்டு வந்து அவசரமாக மாட்டுக்கறியைக் கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றிப் பிரட்டினால், தண்ணீர் விட்டு வெந்து ரப்பர் மாதிரி ஆகிறது. பிள்ளைகள் துப்பிவிடுகிறார்கள். என்ன செய்ய?

பதில்: சகோதரி, பாதித் தப்புதான் உங்களுடையது. மீதி பசாரில் நடக்கிறது.

“லோக்கல், காலையில் அறுத்தது” என்று சொல்லிச் சிலர் விற்பது, ஐஸில் வந்த இந்திய எருமைக்கறியை இளக்கியதுதான். எனக்கே ஒருவர் அப்படி ஐந்து கிலோ கட்டிக்கொடுத்தார். எருமைக்கறி கெட்டதில்லை, எருமை விலைக்குக் கொடுத்தால் நானே வாங்குவேன். கொழுப்பைப் பாருங்கள்: எருமைக்குப் பால்வெள்ளை, நம்மூர் மாட்டுக்குப் பெரும்பாலும் மஞ்சள் ஓடும். பைக்குள் சிவப்புத் தண்ணீர் தேங்கினால் அது பெரும்பாலும் ஐஸ் கறி. அந்தத் தண்ணீர்தான் உங்கள் வாணலியிலும் நிற்கிறது. 2020 டிசம்பரில் ஜோகூர் செனாயில் வெளிநாட்டு ஐஸ் கறிக்குப் போலி ஹலால் முத்திரை குத்திய கிடங்கு பிடிபட்டபோது ஊரே கொதித்தது. நான் வாங்கும் பசாரில் இன்னும் எந்த நாட்டுக் கறி என்று ஒரு அட்டை வைக்க ஆளில்லை. சோதனைக்கு வருபவர்கள் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தாரே குடிக்கப் போய்விடுகிறார்கள்.

சரி, சமையல். 300 கிராம் தொடைக்கறியை அரை மணி நேரம் பிரீசரில் வையுங்கள். கெட்டியானால் மெலிதாக வெட்ட வரும். நார் ஓடும் வாக்கிலே வெட்டாமல் குறுக்கே வெட்டுங்கள். கால் தேக்கரண்டி சமையல் சோடா பிசறி இருபது நிமிடம் விட்டு, கழுவி, ஈரம் போக ஒற்றியெடுங்கள். பிறகு ஒரு கரண்டி கிச்சாப், கொஞ்சம் சோளமாவு, எண்ணெய் சேர்த்துப் பிசறுங்கள். வாணலி புகையும்போது பாதிக் கறியை மட்டும் போட்டு, அரை நிமிடம் கிண்டாமல் விடுங்கள். முழுவதையும் கொட்டினால் சூடு இறங்கித் தண்ணீர் விடும். ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, மீதியையும் அப்படியே செய்யுங்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாய் தனியாக வதங்கியதும் கறியைத் திருப்பிப் போட்டு இறக்குங்கள். உப்பு வேண்டாம், கிச்சாப்பே போதும்.

டெண்டர்லாயினுக்கு மட்டும் சோடா போடாதீர்கள். அது முதுகெலும்பின் உட்பக்கத்துச் சதை. மாடு அதற்கு வேலையே கொடுப்பதில்லை, அதனால் தானாகவே மெத்தென்று இருக்கும். சோடா பட்டால் குழைந்து ஈரல் மாதிரி ஆகிவிடும். என் மருமகள் ஒரு பெருநாளைக்கு அப்படித்தான் ஒரு கிலோவைப் பாழாக்கினாள். முழுத் துண்டாக, நீளமாக, ஒரு முனை கூம்பியிருக்கக் காட்டினால்தான் அது டெண்டர்லாயின். ஏற்கெனவே வெட்டிவைத்த துண்டுகளை அந்தப் பெயர் சொல்லிக் கொடுத்தால், தொடைக்கறி விலைக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள், சோடா போடவும் மறக்காதீர்கள்.