அன்னாசி டார்ட்டில் பப்புவுக்கும் ஒரு துண்டு கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஷிட்சு நாய் பப்புவுக்கு 4 வயது, எடை 6 கிலோ. தீபாவளிக்கு வீட்டிலேயே அன்னாசி டார்ட்டும், ஆப்பிளும் உலர்திராட்சையும் வைத்த பஃபும் செய்வோம். "கடையில் வாங்கியதா என்ன, நாமே செய்தது, உள்ளே இருப்பதும் பழம்தானே" என்று என் மாமியார் எல்லாருக்கும் கொடுக்கும்போது அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிடுகிறார். போன வாரம் செய்து பார்த்தபோதுகூட அரை பஃப் தின்றான், ஒன்றும் ஆகவில்லை. இனிமேலும் கொடுக்கலாமா? அவன் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் சாப்பிட மனம் வரவில்லை. (வாசகி, ஈசூன்)

பதில்: டார்ட் வேண்டாம் அம்மா. உலர்திராட்சை போட்ட பஃப் எந்தக் காலத்திலும் கூடாது. ஆனால் நீங்கள் வாங்கிவைக்கும் அதே அன்னாசியிலும் ஆப்பிளிலும் பப்புவுக்கென்று தனியாக ஒன்று செய்து கொடுக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் அந்த உலர்திராட்சையைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அதுதான்.

திராட்சை, உலர்திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. பச்சை, கறுப்பு, விதையுள்ளது, விதையில்லாதது என்று பேதமே இல்லை. பேக் செய்தாலும் அந்த ஆபத்து போகாது. ஏன் இப்படி ஆகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2021ல்தான் அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் ஒரு தடயத்தைப் பிடித்தார்கள். பேக்கிங்கில் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டரைத் தின்ற நாய்களுக்கும், புளியைத் தின்ற நாய்களுக்கும் திராட்சை தின்றவற்றைப் போலவே சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. மூன்றிலும் நிறைய இருப்பது டார்டாரிக் அமிலம். அதை மனித உடல் சமாளித்துவிடுகிறது. நாயின் சிறுநீரகம் திணறுகிறது. நம் வீடுகளில் புளி இல்லாத அடுப்படி கிடையாது என்பதால் இதையும் மாமியார் காதில் போட்டுவையுங்கள்.

"போன வாரம் ஒன்றும் ஆகவில்லையே" என்கிறீர்கள். அந்த அமிலத்தின் அளவு பழத்துக்குப் பழம் மாறும். அதைத் தாங்கும் திறனும் நாய்க்கு நாய் மாறும். ஒரு நாய் கைநிறையத் தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்று சிலவற்றிலேயே படுத்துவிடும். இத்தனை வரை பரவாயில்லை என்று எந்த மருத்துவராலும் எல்லை சொல்ல முடியாது. போன முறை தப்பித்ததால் அடுத்த முறையும் தப்பிப்பான் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் முதல் நாளிலேயே வாந்தி, சோர்வு, சாப்பாட்டில் நாட்டமின்மை தொடங்கும். சிறுநீரகக் கோளாறு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தெரியவரும். உங்கள் பப்புவுக்கு ஒரு வாரம் கடந்துவிட்டது. அவன் வழக்கம்போலச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து வருகிறான் என்றால் அந்தக் கண்டம் தாண்டியது. மனசு கேட்காவிட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், நிம்மதியாக இருக்கும்.

சரி, அன்னாசி டார்ட்டுக்கு வருவோம். அன்னாசிப் பழம் நாய்க்கு நஞ்சில்லை. தொல்லை அதைச் சுற்றியிருப்பதில்தான். மேல்மாவில் வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, பால்மாவு. உள்ளே பழத்தோடு சர்க்கரையைக் கொட்டிச் சுண்டக் காய்ச்சிய ஜாம். ஒரு சின்ன டார்ட்டில் சுமார் 80 கலோரி இருக்கும். வீட்டோடு இருக்கும் 6 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையானதே ஏறக்குறைய 350 கலோரிதான். பப்பு ஒரு டார்ட் தின்பது நீங்கள் ஒரே நேரத்தில் ஆறு டார்ட் தின்பதற்குச் சமம்.

உடல் எடை கூடுவது ஒரு பக்கம். அதைவிட நான் அஞ்சுவது கணைய அழற்சிக்கு. பழக்கமில்லாத கொழுப்பு திடீரென்று உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிப் புண்ணாகிவிடும். ஓயாமல் வாந்தி எடுக்கும், வயிற்றைத் தொட விடாது. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். விளையாடக் கூப்பிடும்போதும் நாய்கள் இப்படித்தான் நிற்கும், அதனால் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். வாலாட்டாமல், சோர்ந்த முகத்தோடு அப்படி நின்றால் அது வலி. உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். மினியேச்சர் ஷ்னாவுசர் வளர்ப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அந்த இனத்துக்கு இது எளிதில் வரும்.

ஜாமில் போடும் பட்டை, கிராம்பு ஒரு சிட்டிகை என்றால் பெரிய அபாயம் இல்லை. ஜாதிக்காய் கொஞ்சம் அதிகமானாலும் நாய்க்கு ஆகாது. ஆனால் வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்து, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்துச் செய்கிறீர்கள் என்றால் கதையே வேறு. அது நாயின் உடலில் இன்சுலினைச் சரசரவென்று சுரக்க வைக்கும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாடும், வலிப்புகூட வரும். சில நாய்களுக்குக் கல்லீரலும் கெட்டுவிடும். சர்க்கரையில்லாப் பொருள்கள் எதுவானாலும் பெட்டியில் இ967 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், அது சைலிட்டால்தான். சாக்லேட்டும் மெக்கடேமியா பருப்பும் நாய்க்கு ஆகாதவை. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வயிற்றுச் சூட்டில் அது உப்பும், சாராயமாகவும் மாறும்.

அப்புறம் பலகாரம் அடைத்துவைக்கும் அந்தச் சிவப்பு மூடி டப்பாக்கள். பண்டிகை முடிந்து ஒரு மூலையில் கிடக்கும் பழப் பலகாரத்தில் இங்குள்ள புழுக்கத்துக்குச் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். அதைக் குப்பைப் பையிலிருந்து இழுத்துத் தின்றால் உடம்பே நடுங்கும் அளவுக்கு நஞ்சேறலாம். மூடியுள்ள தொட்டியில் போடுங்கள், முடிந்தால் அன்றைக்கே குப்பைக் குழாயில் தள்ளிவிடுங்கள்.

இனி பப்புவின் பங்கு. ஜாம் கிளறச் சர்க்கரை கொட்டுவதற்கு முன்பே, தோலும் கண்களும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசியில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துத் துருவித் தனியே வையுங்கள். ஆப்பிள் என்றால் விதையை நீக்கிவிடுங்கள். நன்றாகப் பழுத்த அரை வாழைப்பழத்தை மசித்து, அதோடு சேர்த்து, பொடித்த ஓட்ஸைக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை தூவிப் பிசையுங்கள். வெண்ணெய், உப்பு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளித் தட்டி, 160 டிகிரியில் விளிம்பு சிவக்கும்வரை பேக் செய்யுங்கள். ஆறிய பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போதும். தின்பண்டம் எல்லாம் சேர்த்து அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது பப்புவுக்கு 35. மீதியை உறையறையில் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை ஒன்று மட்டும் கொடுத்து, மறுநாள் மலம் இளகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாமியாரே அதைத் தன் கையால் கொடுக்கட்டும், அவர் ஆசையும் நியாயமானதுதானே.

வீட்டுக்கு வரும் உறவினர்களிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மேசைக்கடியில் பிள்ளைகள் நீட்டும் துண்டுகளால்தான் தீபாவளி சமயத்தில் எங்களிடம் பாதி நாய்கள் வருகின்றன.

அப்படியும் உலர்திராட்சையையோ சைலிட்டால் கலந்ததையோ தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டுவது, தொண்டைக்குள் விரலை விடுவது எதுவும் வேண்டாம். உப்பே நஞ்சாகிவிடும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடிகிறது. உலர்திராட்சை வயிற்றில் அதிக நேரம் தங்கக்கூடியது என்பதால் தாமதமானாலும் கிளம்பி வாருங்கள். 24 மணி நேரக் கால்நடை மருந்தகம் ஒன்றின் எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துவையுங்கள். டாக்சியில் ஏறும்போதே அழைத்து நாயின் எடை, என்ன தின்றான், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மீதமிருக்கும் பலகாரத்தையும் சேர்த்த பொருள்களின் பெட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.