வெளிநாட்டில் ஆசிரியராக இருக்கும்போது, அந்த நாடு விளையாட்டில் இந்தியாவை வென்றால் எப்படி இருக்கும்?

மாலத்தீவில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இங்கே பாடம் நடத்த வந்தவர்கள் ஏராளம். எனக்கு முதலில் கிடைத்தது தலைநகர் மாலேயிலிருந்து தள்ளியிருந்த ஒரு சின்னத் தீவு. சாயங்காலமானால் பசங்களை மைதானத்தில்தான் தேட வேண்டும். அவர்களுக்குக் கால்பந்துதான் எல்லாம்.

2018 செப்டம்பர் 15, டாக்காவில் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டி. மாலத்தீவு 2, இந்தியா 1. எனக்கு வருத்தமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குப் பசங்களின் சந்தோஷம் என் வருத்தத்தைவிடப் பெரிது. காரணம் சொல்கிறேன்.

1997இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஈரானிடம் 17-0 என்று தோற்ற நாடு இது. 2002 உலகக் கோப்பையில் நான்காம் இடம் பிடித்த தென்கொரியாவை 2004இல் மாலேக்கு வரவழைத்து 0-0 என்று நிறுத்தினார்கள். 2008இல் கொழும்பில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியாவை 1-0 என்று வென்று தங்கள் முதல் சாஃப் கோப்பையைத் தூக்கினார்கள். இந்த எண்களெல்லாம் என் வகுப்பில் வாய்ப்பாடு மாதிரி. சரியாகப் படிக்காத பையன்கூடத் தடுமாறாமல் ஒப்பிப்பான். 2018 அணியோ லீக் சுற்றில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இலங்கையோடு சமன், இந்தியாவிடம் 0-2. இலங்கையும் அதே கணக்கில் நின்றதால் நாணயம் சுண்டித்தான் அரையிறுதிக்கே போனார்கள். அங்கே நேபாளத்துக்கு எதிராக மூன்று கோல், பிறகு நமக்கு எதிராக இரண்டு!

இன்னொன்றும் உண்டு. அதற்கு எட்டு நாள் கழித்து அதிபர் தேர்தல். மஞ்சள் கட்சி, இளஞ்சிவப்புக் கட்சி என்று தீவே இரண்டுபட்டுக் கிடந்தது. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாத நேரம். அன்றிரவு எல்லோரும் தேசிய அணியின் சிவப்புச் சட்டையில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பைக்குகள் கொடியோடு தீவைச் சுற்றிச் சுற்றி வந்தன. எந்தக் கட்சிக் கூட்டத்திலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. வெளிநாட்டவரையும் சேர்த்து ஐந்து லட்சம் பேர் உள்ள நாடு. அணியில் யாராவது ஒருவர், வகுப்பில் யாராவது ஒருவனுக்குச் சொந்தமாகவோ சொந்தத்துக்குச் சொந்தமாகவோ இருப்பார். அதனால்தான் அது அவர்களுக்குத் தொலைவில் நடக்கிற ஆட்டமாகவே தெரிவதில்லை.

கூட வேலை பார்த்த இந்திய ஆசிரியர் ஒருவர், "நாம அனுப்பினது ஜூனியர் டீம்தானே சார்" என்றார். பெரும்பாலும் 23 வயதுக்குட்பட்டவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அதை மாணவர்கள் முன்னால் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. யாரை அனுப்புவது என்று முடிவெடுத்தது நாம். எதிரே நின்றவர்களோடு விளையாடி ஜெயித்தது அவர்கள். 140 கோடிப் பேரைத் தாண்டிவிட்ட நாட்டுக்காரன், பத்து வயதுப் பையனின் கோப்பையைச் சின்னதாக்கிக் காட்டுவது நாட்டுப்பற்றில் சேராது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

போட்டிக்கு முன்பே பசங்க கேட்டார்கள்: "சார், நீங்க யாருக்கு?" இந்தியாவுக்கு என்றேன். ஒருவனும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களை மகிழ்விக்க மாலத்தீவு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்; என்னை மதித்திருக்கவும் மாட்டார்கள். தன் நாட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைக்கு, வாத்தியாருக்கும் ஒரு நாடு இருக்கும் என்பது நன்றாகவே புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்தேன். அன்று முதல் பீரியடில் பாடம் நடக்கவில்லை; இரண்டாவது கோலைக் கரும்பலகையில் வரைந்து காட்ட மூன்று பேர் போட்டி போட்டார்கள்.

2021இல் சாஃப் மாலேயிலேயே நடந்தது. இந்திய கேப்டன் சுனில் சேத்ரி இரண்டு கோல் அடிக்க, இந்தியா 3-1 என்று மாலத்தீவை வென்றது. அன்றைக்கு நான் வாய்விட்டுக் கத்தினேன், பக்கத்தில் என் மாணவர்கள் இருந்தபோதே.