பீரியட்ஸ் நேரத்தில் உறவு கொண்டால் நோய் வருமா?

கேள்வி: எனக்கு 29 வயது. போன மாதம் பீரியட்ஸ் மூன்றாம் நாளில் கணவரும் நானும் சேர்ந்தோம். நான்கைந்து நாளில் அவருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல். "கெட்ட ரத்தம் பட்டதால்தான்" என்று சொல்லிப் பக்கத்திலேயே வர மறுக்கிறார். அந்த ரத்தத்தால் நோய் வருமா டாக்டர்?

பதில்: வராதும்மா. அது கெட்ட ரத்தமே இல்லை. கருப்பையின் உள்சவ்வு உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது, அவ்வளவுதான். இருவரிடமும் பால்வினைக் கிருமி எதுவும் இல்லையென்றால் பீரியட்ஸ் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடாது.

ஆனால் ஒருவரிடம் ஏற்கெனவே இருந்தால் அந்த நாட்களில் பரவுவது சுலபம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி இரண்டும் ரத்தத்திலேயே இருப்பவை, அதனால் ஆணுக்கு ஆபத்து கூடும். பெண்ணுக்கும்தான்: மற்ற நாட்களில் பிறப்புறுப்பின் அமிலத்தன்மை, அதாவது 3.8 முதல் 4.5 வரையுள்ள பிஎச் (இந்த எண் குறைந்தால் அமிலம் அதிகம்), பல கிருமிகளை அடக்கி வைக்கிறது. ரத்தத்தின் பிஎச் 7.4 என்பதால் அது கலக்கும்போது அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது, கருப்பை வாயும் லேசாகத் திறந்திருக்கிறது, கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைக் கிருமி இருந்தால் கருக்குழாய் வரை ஏறிவிடலாம்.

அவருடைய எரிச்சல் சாதாரண சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம். கிளமிடியா மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் உடம்பில் இருக்கும் என்பதால், யார் யாருக்குக் கொடுத்தது என்று தேதி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அந்தச் சண்டையே வேண்டாம். இருவரும் சேர்ந்தே போய்ப் பரிசோதியுங்கள். அவர் மட்டும் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கினால், தொற்று உங்களிடம் இருக்கும்பட்சத்தில் அவருக்கு மறுபடி வரும். முடிவு தெரியும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், டாம்பூன் (ரத்தத்தை உறிஞ்சப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் பஞ்சுச் சுருள்) வைத்திருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் உள்ளே தள்ளப்பட்டு, நாட்கள் கழித்து நாற்றத்தோடு வருகிறவர்கள் உண்டு. உறவுக்குப் பின் சோப்பு போட்டு உள்ளே கழுவாதீர்கள், நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வெளியே தண்ணீரில் கழுவினால் போதும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பீரியட்ஸில் கரு தங்காது என்று நம்பி ஆணுறையை விட்டுவிடாதீர்கள். விந்தணு 5 நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கும், சுழற்சி குறுகியவர்களுக்கு அதற்குள் கருமுட்டை வெளிவந்துவிடலாம்.