ஹெஷல் ஏன் தெருவுக்கு வந்தார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத இறையியலாளர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் இறையியல் மாணவன். பைபிளின் எபிரெய மூலத்தைப் படித்துச் சொல்லித்தருவதே வேத அறிஞரின் வேலை, ஊர்வலம் போவது அரசியல் என்று எங்கள் வகுப்பில் சிலர் சொல்கிறார்கள். 1965-ல் அமெரிக்காவின் செல்மாவில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான ஊர்வலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்த நேரத்தில் அவர் இன்னொரு நூல் எழுதியிருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஹெஷலும் புத்தகத்துக்குள்ளேயே இருக்க விரும்பியவர்தான். கடவுளின் சொல்லை மக்களிடம் சொன்ன பைபிள் தீர்க்கதரிசிகளைப் படித்துத்தான் வெளியே வந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பெர்லினில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளே தீர்க்கதரிசிகள். ஹிட்லர் பதவியேற்ற சில வாரங்களில், 1933 பிப்ரவரியில், வாய்மொழித் தேர்வு. 1938-ல் நாஜிகள் அவரைப் போலந்துக்குத் துரத்தினார்கள். போர் மூள்வதற்குச் சில வாரங்கள் முன்பு வார்சாவை விட்டுக் கிளம்பியதால் பிழைத்தார். தாயும் மூன்று சகோதரிகளும் பிழைக்கவில்லை.

1962-ல் தீர்க்கதரிசிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் அவர் கேட்பது எளிய கேள்வி. சந்தையில் எடை குறைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதானே, அதற்குப் போய் ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி ஏன் உலகமே இடிந்ததுபோல் அலறுகிறார்? ஓசியா, எரேமியா என்ற தீர்க்கதரிசிகளின் நூல்களில் பேசும் கடவுளுக்கு வலிக்கிறது, கோபம் வருகிறது, துக்கம் வருகிறது. அந்த வலி தன்னையும் பற்றிக்கொண்ட மனிதன்தான் தீர்க்கதரிசி என்கிறார் ஹெஷல். எதற்கும் அசையாத கடவுளைத் தத்துவவாதிகளிடம் தேடிக்கொள்ளலாம், வேதத்தில் கிடைக்காது. எனக்கு அவருடைய கண்டுபிடிப்புகளிலேயே பெரியது இதுதான். மூலத்தை வரிவரியாகப் படித்து அடைந்தது என்பதையும் கவனியுங்கள்.

சரி, இதை வகுப்பில் சொல்லித்தருகிறவர் கறுப்பின மக்கள் அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டு அறையில் உட்கார முடியுமா? 1963 ஜனவரியில் சிகாகோவில் மதமும் இனமும் பற்றி ஒரு மாநாடு. கிங்கை அவர் சந்தித்தது அங்கேதான். இந்தப் பொருளில் நடந்த முதல் மாநாட்டில் பேசியவர்கள் பார்வோனும் மோசேயும் என்று தன் உரையைத் தொடங்கினார். எகிப்து மன்னன் பார்வோனிடம் அடிமைகளை விடச் சொல்லி மோசே கேட்ட கதை இருக்கும் யாத்திராகமத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரை நான் படித்ததில்லை. செல்மாவில் நடந்தபோது தன் கால்கள் ஜெபித்ததாகப் பிறகு சொன்னார். நியூயார்க்கில் பாடம் நடத்துவதையும் அவர் விட்டுவிடவில்லை.

ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தில் வியாபாரிகள் தானியம் அளக்கும் மரக்காலைக் குறைக்கிறார்கள், கள்ளத்தராசு பிடிக்கிறார்கள். அந்தப் பாடம் வரும்போது வகுப்பில் ஒன்று கேளுங்கள்: அந்த மரக்காலில் தானியம் வாங்கிப் போனவர்கள் யார்? அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்