தளம் இயங்குகிறது, பாக்கி வரவில்லை

கேள்வி: கோவையில் மூன்று பேருடன் இணையதளம் வடிவமைத்துத் தரும் நிறுவனம் நடத்துகிறேன். தளத்தை ஒப்படைத்து நான்கு மாதமாகியும், ‘பேனரில் ஒரு சின்ன மாற்றம்’ என்றே சொல்லி வாடிக்கையாளர் ஒருவர் பாக்கியை இழுத்தடிக்கிறார். என்ன செய்வது?

பதில்: 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்படைத்த நாளே வேலையை ஏற்றுக்கொண்ட நாளாகும் என்பதால், நான்காம் மாதத்தில் சொல்லும் பேனர் சாக்கு செல்லாது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், பணம் தருவதற்கான கெடு அந்த நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். வேலைக்கு முன்பே உத்யம் பதிவு (இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பெற்றிருந்தால், பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அடுத்த முறை, சோதனை முகவரியிலிருந்து தளத்தை அவருடைய டொமைனுக்கு மாற்றுமுன்பே பாக்கியை வாங்கிவிடுங்கள்.